ஒரு செக்கனுக்கு இருபத்தேழு மீற்றர்

1. ஆறு பேர் ஓடிக் காட்டினார்கள்

அந்த சைட்டுக்கு நான் கொஸ்ஸாகப் போன முதல் நாளே ஆறு பேர் எனக்கு ஓடிக் காட்டினார்கள். எட்டுச் செக்கன். நானும் நம்பினேன். இந்தக் குறிப்பு முழுக்க அந்த எட்டுச் செக்கனைப் பற்றித்தான். ரயில் பாதை வேலைக்குப் போகிற எங்கட ஆட்கள் யாராவது வாசித்தால் நல்லது. வாசிக்காமல் விட்டால் அது அவர்கள் பாடு.

கொஸ் என்பவர் தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களின் உயிருக்குப் பொறுப்பு நிற்கிறவர். வேலையைச் செய்விக்கிறவர் சுப்பவைசர். அவருக்கு வேலை முடிய வேண்டும். எனக்கு ஆட்கள் வீடு போய்ச் சேர வேண்டும். எங்கள் சுப்பவைசர் பாலா, வட லண்டன் எட்மண்டனில் இருந்து வருகிறவர், நாற்பது வயது, கெட்டிக்காரன். வாயும் கொஞ்சம் கூட. இரண்டு பேரும் நாளுக்கு நான்கு தரம் பிடுங்குப்படுவோம்.

இடம் ஸ்ட்ரெதமுக்குத் தெற்கே ஒரு வளைவு. தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டைகளோடு இறுக்குகிற பழைய கிளிப்புகளைக் கழற்றி மாற்றுகிற வேலை. பகலில், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்தோம். ஒருவர் கொடியும் ஹோனும் வைத்துக்கொண்டு லுக்அவுட் நிற்பார். ரயிலைக் கண்டதும் ஹோன் அடிப்பார். நாங்கள் கையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு பாதைக்கு வெளியே போய் நிற்போம். ரயில் போனதும் திரும்ப இறங்குவோம். இப்போது இப்படிச் செய்வது அநேகமாக நின்றுவிட்டது, ரயிலை நிறுத்திவிட்டுத்தான் இறங்கவிடுகிறார்கள். எப்போதோ செய்திருக்க வேண்டிய காரியம்.

விதி இதுதான். ரயில் வந்து சேருவதற்குப் பத்துச் செக்கனுக்கு முன்பே கடைசி ஆளும் வெளியே நிற்க வேண்டும். பத்து என்றால் பத்து. ஆகவே முதல் நாள் ஆட்களை வேலை இடத்தில் நிறுத்தி, விசில் அடித்து, எல்லோரும் வெளியே வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கெதியாக ஓடுகிறவரின் நேரத்தை எழுதக் கூடாது. கடைசியாக வருகிறவரின் நேரத்தைத்தான் எழுத வேண்டும்.

கடைசியாக வந்தவர் சூசை அண்ணை. மன்னார் ஆள், ஐம்பத்தேழு வயது, அந்தக் கூட்டத்தில் மூத்தவர். எட்டுச் செக்கன்.

"எப்பிடித் தம்பி? பெடியள் தோத்துப்போவாங்கள்," என்று நெஞ்சைத் தட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கூடிப்போனதை நான் கவனித்திருக்க வேண்டும்.

2. கணக்கு

கணக்கென்றதும் பக்கத்தைத் தட்டிப் போகாதீர்கள். இது சின்னக் கணக்கு.

லண்டனில் பாதை ஓரத்துப் பலகையில் வேகம் மைலில் இருக்கும். தூரம் அளக்கிற வீல் மீற்றரில் சொல்லும். பழைய வெள்ளைக்காரப் போர்மன் யார்டுக் கணக்கில் கத்துவான். யாழ்ப்பாணத்தில் கிலோமீற்றரில் வளர்ந்தவன் நடுவில் நின்று முழிசுவான். வந்த புதிதில் நான் மைலைக் கிலோமீற்றராக நினைத்து 3.6 ஆல் பிரித்து, பரீட்சைத் தாளில் ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன். நல்ல காலம், தாளில்தான்.

எங்களுக்கு மைலும் வேண்டாம், மணித்தியாலமும் வேண்டாம். ஒரு செக்கனில் ரயில் எத்தனை மீற்றர் வரும்? அது ஒன்றுதான் கேள்வி. அந்தப் பாதையின் வேகம் அறுபது. மணித்தியாலத்துக்கு அறுபது மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஒரு மைல் 1609 மீற்றர். அறுபதால் பிரித்தால் செக்கனுக்கு 26.8 மீற்றர். நாங்கள் 27 என்று வைப்போம்.

மனக்கணக்காகச் செய்ய ஒரு வழி வைத்திருக்கிறேன். மைல் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைக் கழி, மிச்சத்தைப் பாதியாக்கு. அறுபதில் ஆறு போனால் ஐம்பத்துநாலு, அதில் பாதி இருபத்தேழு. நாற்பது என்றால் நாலு போய் முப்பத்தாறு, பாதி பதினெட்டு. சரியான விடையை விட ஒரு துளி கூடத்தான் வரும். கூட வந்தால் பிழையில்லை, ரயிலைக் கொஞ்சம் வேகமாக நினைத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். குறைய வந்தால்தான் ஆபத்து.

இனி எங்கள் வளைவு. வெளியே வர எட்டுச் செக்கன், அதோடு விதிப்படி பத்து, மொத்தம் பதினெட்டு. பதினெட்டை இருபத்தேழால் பெருக்கினால் 486 மீற்றர். அவ்வளவு தூரத்திலேயே ரயில் கண்ணில் பட்டாக வேண்டும். வீலை உருட்டி அளந்தேன். ஒரு பக்கம் நேர்ப் பாதை, கவலையில்லை. மற்றப் பக்கம் வளைவில் ஒரு செங்கல் பாலம். ரயில் அந்தப் பாலத்தடியில் வரும்போதுதான் எங்களுக்குத் தெரியும். அது 540 மீற்றர், அதாவது இருபது செக்கன். தேவையை விடக் கூட இருக்கிறது. ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். என் எழுத்து வடிவான எழுத்து, அந்த ஷீட்டும் வடிவாகத்தான் இருந்தது.

3. செவ்வாய்க்கிழமை

இரண்டாவது கிழமை செவ்வாய், காலை பத்தரை இருக்கும். சூசை அண்ணை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் முழங்காலில் இருந்து, இரும்புப் பாரைப் போட்டுக் கிளிப்பைக் கிளப்பிக்கொண்டிருந்தார். கோபி அவருக்குப் பக்கத்தில் ஜாக்கோடு. கோபி முப்பது வயதுக்காரன், இரண்டு பிள்ளைகளின் தகப்பன், சூசை அண்ணையோடுதான் காரில் வருவான் போவான்.

லுக்அவுட் ஹோன் அடித்தார். அவர் ஒரு போலந்துக்காரர், கண்ணில் குறையில்லை, ரயில் பாலத்தடியில் தலைகாட்டிய உடனேயே அடித்தார். வந்தது பக்கத்து ஸ்டேஷனில் நிற்காத வேக ரயில். எல்லோரும் வெளியே வந்தோம். எண்ணிப் பார்த்தேன். ஐந்து தலை.

சூசை அண்ணை இன்னும் உள்ளே. ஒரு கை தண்டவாளத்தில், ஒரு கால் குத்திட்டு, மற்றக் கால் மடங்கியபடியே நிற்கிறது. எழும்ப முடியவில்லை. பாரை வேறு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

"விடுங்கோ அண்ணை! பாரை விட்டிட்டு வாங்கோ!" என்று கத்தினேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை, டிரைவர் ஹோனை அமத்திப் பிடித்துவிட்டான். என் கண் ரயிலிலேயே நிலைகுத்தி நின்றது. எங்களில் இருந்து எண்பது மீற்றரில் ஒரு சாம்பல் நிற சிக்னல் பெட்டி இருந்தது. ரயில் அதைத் தாண்டும்போது பின்னால் கோபி "வந்திட்டார், வந்திட்டார்!" என்று கத்தினான். எண்பது மீற்றர் என்றால் மூன்று செக்கன். அடுத்த கணம் ரயில் எங்களைத் தாண்டிப் போனது.

பத்துச் செக்கன் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.

சூசை அண்ணை புல்லில் குந்தியிருந்து முழங்காலைத் தடவினார். "மாதாவே," என்றார் ஒரு தரம். பிறகு என்னைப் பார்த்து, "பூட்ஸ் வழுக்கிப்போட்டுது தம்பி. ஒண்டுமில்லை," என்றார்.

வழுக்கியதாம். பூட்ஸ் வழுக்கினால் ஆள் விழுவான், இப்படி மடங்கி நிற்கமாட்டான்.

4. புதன், வியாழன்

இந்தப் பகுதியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். புதனும் வியாழனும் அதே எட்டுச் செக்கன் ஷீட்டில் நான் திரும்பவும் கையெழுத்து வைத்தேன். தப்பிப் பிழைத்ததை எழுதுகிற படிவம் என் பையிலேயே இருந்தது. எழுதவில்லை. எழுதினால் அவரை மெடிக்கலுக்குக் கூப்பிடுவார்கள், கார்டைப் பறிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். கார்ட் இல்லையென்றால் பாதையில் கால் வைக்க ஏலாது. அந்த இரண்டு நாளும் நிற்காத ரயில் ஒன்றும் அவர் முழங்காலில் இருக்கிற நேரம் பார்த்து வரவில்லை. அவ்வளவுதான். என் கெட்டித்தனம் அதில் ஒன்றுமே கிடையாது.

வியாழன் மத்தியானம் கோபியைத் தனியே பிடித்தேன்.

"முதல் நாள் விசில் அடிச்சு ரெஸ்ற் செய்யேக்க சூசை அண்ணையின்ர இடத்தில ஆர் நிண்டது?"

அவன் பூட்ஸைப் பார்த்தான். "நான்தான் அண்ணை."

"அவர்?"

"கரையில. கையில மண்வெட்டி மட்டும்தான். முழங்காலில இருக்கேல்ல." பிறகு, "எல்லாருக்கும் தெரியும் அண்ணை. வருசமா அவருக்கு முழங்கால் ஏலாது. நாங்கள்தான் சமாளிக்கிறம். பாவம் மனுசன்," என்றான்.

"பாவம் பார்த்துப் பார்த்துச் சாகடிக்கப்போறியளோ?"

அவனை ஏசுகிற தகுதி எனக்கு இருந்ததா என்று கேட்டால், இல்லை. கையெழுத்து என்னுடையது.

பிறகு சூசை அண்ணையிடம் போனேன். அவர் பாணை வாயில் வைத்தபடி நிமிரவே இல்லை.

"அண்ணை, முழங்காலைப் பற்றி ஒருக்காக் கதைப்பம்."

"என்ர முழங்காலோட உனக்கென்ன கதை?"

"செவ்வாய்க்கிழமை மூண்டு செக்கனில தப்பினீங்கள்."

"தப்பினன்தானே?"

"ஒவ்வொருக்காவும் தப்பேலாது."

பாணைக் கீழே வைத்தார். "தர்மா, பதினொரு வருசம் பெற்றோல் ஸ்டேஷன் கண்ணாடிக்குள்ள இருந்தனான். கண்ணாடிக்கு அங்கால நிண்டு தூசணம் சொல்லுவாங்கள், இருந்து கேக்க வேணும். இஞ்சை வந்த பிறகுதான் நான் மனுசனாய் நிமிந்து நிக்கிறன். திரும்பவும் என்னைக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ள வைக்கப்போறியோ? வைச்சுப் பாரன்!"

கோபத்தில் கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. நான் எழும்பி வந்தேன். அன்று இரவு முடிவெடுத்தேன், இனி அந்த ஷீட்டில் என் பேனை படாது.

5. வெள்ளிக்கிழமை

காலை ஏழரைக்கு பாலா வான் வண்டிக்குள் இருந்தபடியே ஷீட்டை நீட்டினார். நான் வாங்கவில்லை.

"இது பிழையான ஷீட் பாலா. எட்டில்லை, பதினேழு."

"என்ன பதினேழு?"

"வெளியால வாற நேரம். செவ்வாய்க்கிழமை நடந்தது அதுதான். பாலத்தில இருந்து இருபது செக்கன், மூண்டு மிச்சம். அப்ப பதினேழு. நடந்ததை விட வேற ரெஸ்ற் வேணுமோ?"

பாலாவுக்கு யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று உடனே விளங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "அண்ணை, அந்த வளைவில ஒரு றெயினும் அறுபதில வராது. ஸ்டேஷனில நிண்டு வெளிக்கிட்டு வாறதுகள். நாப்பது கூட வராது. நாப்பதைப் போட்டுப் பாருங்கோ, கணக்குச் சரிவரும்."

சரிவரும்தான். அதுதான் எனக்குப் பற்றி எரிந்தது. நாற்பது என்றால் செக்கனுக்குப் பதினெட்டு மீற்றர். பதினேழும் பத்தும் இருபத்தேழு செக்கன், பெருக்கினால் 486. ஐந்நூற்றி நாற்பது தெரிகிறது, தாராளம். பேனையால் ஒரு இலக்கத்தை மாற்றினால் சூசை அண்ணையும் இருப்பார், வேலையும் நடக்கும், பாலாவும் சந்தோஷம், எனக்கும் ஒரு கரைச்சல் இல்லை.

"பலகையில என்ன எழுதியிருக்கு பாலா?"

"அறுபது. அது..."

"நாப்பதிலதான் வருவன் எண்டு டிரைவர் உமக்குக் கடிதம் தந்தவரோ? செவ்வாய்க்கிழமை வந்தது ஸ்டேஷனில நிக்காத றெயின். அதுக்கு முன்னால நீர் போய் நாப்பதெண்டு சொல்லும்."

பாலா முகத்தைத் தடவினார். "சரி, அப்ப ஒண்டு செய்வம். சூசை அண்ணையை வீட்டை அனுப்புவம். அவர் இல்லாட்டில் எட்டுத்தானே?"

சூசை அண்ணை வானுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. வந்தார். என்னைத்தான் பார்த்தார், பாலாவை அல்ல.

"சந்தோசமே உனக்கு?" என்றார்.

உண்மையைச் சொன்னால் பாலா சொன்னதுதான் லேசான வழி. ஆனால் எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. மெல்ல வருகிறவனை அனுப்பிவிட்டு எழுதுகிற நேரம் என்ன நேரம்? நாளைக்குக் கோபிக்கு முதுகு பிடிக்கும், அவனையும் அனுப்புவோமா? பிறகு யாராவது தன் நோவை வாய் திறந்து சொல்வானா?

"ஒருத்தரையும் அனுப்பத் தேவையில்லை," என்றேன். "இன்னுமொரு லுக்அவுட் வேணும். பாலத்தடியில நிக்கட்டும். அங்கை நிண்டால் வளைவுக்கு அங்கால இன்னும் இருநூற்றி இருபது மீற்றர் தெரியுது, நான் நேற்றே அளந்திட்டன். எல்லாமா எழுநூற்றி அறுபது. பதினேழும் பத்தும், அவர் கொடி தூக்க எங்கட ஆள் கண்டு ஹோன் அடிக்க ஒரு செக்கன். இருபத்தெட்டு. இருபத்தெட்டு இருபத்தேழு எழுநூற்றி அம்பத்தாறு. நாலு மீற்றர் மிச்சம். அந்த ஷீட்டைக் கொண்டுவாரும், கையெழுத்து வைக்கிறன்."

"ஆளுக்கு நான் எங்கை போறது?"

"அது உம்மட வேலை."

"அப்ப இண்டைக்கு?"

"இண்டைக்கு ஒருத்தரும் இறங்கேல்ல."

பாலா பேசாத பேச்சில்லை. விசர் என்றார், வறட்டுப் பிடிவாதம் என்றார், எங்கட ஆளே எங்கட ஆளுக்குக் குழி பறிக்கிறதோ என்றார். பிறகு ஆபீசுக்குப் போன் எடுத்து, என் காதில் வைத்தார். வேலையை நிறுத்தியது யார் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் கேட்டது. என் முழுப் பெயரைச் சொன்னேன். எழுத்துக்கூட்டிக் கேட்டார், எழுத்துக்கூட்டிச் சொன்னேன். செவ்வாய்க்கிழமைப் படிவத்தையும் நிரப்பி அனுப்பினேன். அதில் ஆள் பெயர் கேட்கும் கட்டம் இல்லை. நேரம், இடம், என்ன நடந்தது, அவ்வளவுதான். என் பெயரை மட்டும் எழுதினேன், மூன்று நாள் பிந்தியதையும் எழுதினேன்.

அன்று முழுக்க எல்லோரும் வானுக்குள் இருந்தோம். ஒருத்தரும் என்னோடு கதைக்கவில்லை. கோபி கூட. மழை வேறு. அவ்வளவு நீண்ட ஷிப்ட் நான் செய்ததில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது லுக்அவுட் வந்தார். புது ஷீட்டும் வந்தது. கையெழுத்து வைத்தேன். எல்லோரும் இறங்கினார்கள், சூசை அண்ணையும்.

6. பாலா செய்த வேலை

சூசை அண்ணை என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். தேத்தண்ணி நேரம் நான் இருக்கும் பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அவசியம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கோபிக்குச் சொல்வார், நான் இரண்டடி தள்ளி நிற்கும்போதே. "உங்கட கொஸ் ஐயாவிட்டைச் சொல்லு, பார் வளைஞ்சு போச்செண்டு." நான் கோபிக்குப் பதில் சொல்வேன். கோபி பாவம், நடுவில் தபால்காரன்.

அவருக்கு ஒரு வழி செய்து கொடுத்தது நானில்லை. பாலாதான். நான் என் ஷீட்டைச் சரியாக்கியதோடு பெரிய காரியம் செய்த நினைப்பில் இருந்துவிட்டேன். பாலா ஒரு நாள் சூசை அண்ணையைக் கூப்பிட்டு, "லுக்அவுட் கோர்ஸ் ஒண்டு வருது, உங்கட பேரைக் குடுத்திட்டன்," என்றார்.

"கொடி பிடிக்கவோ?"

"கொடி பிடிக்கிறவன்தான் ஏழு பேரைக் காப்பாத்துறவன். உங்களுக்குக் கண் நல்லம், காது நல்லம். நிக்கிற இடமும் பாதைக்கு வெளியால, முழங்காலில இருக்கத் தேவையில்லை. பாஸ் பண்ணினீங்களெண்டால் பாலத்தடி உங்களுக்குத்தான்."

சூசை அண்ணை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஓம் என்றார். வெள்ளிக்கிழமை என்னை விசர் என்று ஏசிய அதே பாலாதான் இதையும் செய்தார். வாய் கூடினவர் எல்லாம் மனம் கெட்டவர் என்று நினைத்துவிடக் கூடாது.

கோர்ஸ் வர ஏழு கிழமை ஆனது. அந்த ஏழு கிழமையும் சூசை அண்ணை தண்டவாளத்துக்கு நடுவில்தான், முழங்காலில்தான். புது ஷீட்டை நம்பி.

7. ரெண்டு செக்கன்

பாஸ் பண்ணினார். முதல் நாள் பாலத்தடியில் நின்றார், கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. ஒரு ரயிலையும் பிந்திக் காட்டவில்லை. ஒவ்வொரு தரமும் நாங்கள் வெளியே வந்து நின்று, இன்னும் ரயிலைக் காணவில்லையே என்று பார்த்துக்கொண்டு நிற்போம். எனக்கு மனம் நிறைந்து போனது.

தேத்தண்ணி நேரம் அவர் பாலத்தடியில் இருந்து நொண்டி நொண்டி வந்து எனக்கு முன்னால் நின்றார். ஏழெட்டுக் கிழமைக்குப் பிறகு முதல் தரம் நேராக என்னோடு கதைத்தார்.

"தர்மா, கோர்ஸில ஒரு கணக்குப் படிப்பிச்சவை."

"ஓம் அண்ணை."

"அறுபதெண்டால் செக்கனுக்கு இருபத்தேழு மீற்றராம்."

"ஓம்."

"செவ்வாய்க்கிழமை நீ மூண்டு எண்டு எழுதினனி. மூண்டில்லை."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"கோபி 'வந்திட்டார்' எண்டு கத்தேக்க என்ர கால் உள்ளுக்குத்தான். நீ பயப்பிடக் கூடாதெண்டு அவன் கத்தினவன். நான் வெளியால விழவும் றெயின் வரவும் சரி. அதின்ர காத்து என்னைத் தள்ளினது. ஒரு செக்கன். கூட இராது."

கோபி எழும்பி அப்பால் போனான்.

ஒரு செக்கன் என்றால் அவர் வெளியே வர எடுத்தது பதினேழில்லை, பத்தொன்பது. நான் வேலையை நிறுத்தி, ஊரையெல்லாம் பகைத்து, நாலு மீற்றர் மிச்சமென்று பெருமையாகக் கையெழுத்து வைத்த புது ஷீட்டும் பிழை. இரண்டு செக்கன் பிழை. அதை நம்பித்தான் அந்த மனுசன் ஏழு கிழமை முழங்காலில் இருந்தார்.

"ஏன் அண்ணை அண்டைக்கே சொல்லேல்ல?"

"ரெண்டு செக்கன்தானே எண்டு நினைச்சன். ரெண்டு தரம் கண்ணைச் சிமிட்டினால் போகுது. அதுக்குப் போய் உன்னோட என்ன கதை?" குரல் உடைந்தது. "அது இவ்வளவு தூரம் எண்டு ஆரடா எனக்குச் சொன்னது? பாலாவுக்குச் சொன்னாய். ஆபீசுக்குச் சொன்னாய். எனக்கு மூண்டு, பதினேழு எண்டுதானே சொன்னாய்?"

அந்தக் கணக்கை நான் எத்தனையோ பேருக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எந்த உயிருக்காகப் போட்டேனோ, அந்த ஆளுக்கு ஒரு தரம் கூடக் காட்டவில்லை. அவருக்கு விளங்காது என்று நான் நினைத்திருக்க வேண்டும். வெட்கக்கேடு.

அடுத்த நாள் காலை, ஆட்களை இறக்குவதற்கு முன், வான் நிற்கும் முற்றத்தில் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னேன். அளக்கிற வீலைச் சூசை அண்ணையிடம் கொடுத்தேன். "றெயின் ரெண்டு செக்கனில வாற தூரம் நடவுங்கோ அண்ணை. அம்பத்துநாலில நில்லுங்கோ."

அவர் நடந்தார். வீல் கிலுக் கிலுக் என்று சத்தம் போட்டது. பாலாவின் வானைத் தாண்டினார், கொள்கலன் பெட்டிகளைத் தாண்டினார், வாசல் படலையடிக்குப் போனார், இன்னும் நடந்தார். நொண்டிக் காலோடு அவருக்கு ஒரு நிமிடத்துக்குக் கிட்டச் சென்றது. ஒருத்தரும் பகிடி விடவில்லை. கடைசியில் நின்று வீலைப் பார்த்தார், திரும்பி எங்களைப் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் அவர் முகம் எங்களுக்குத் தெரியவில்லை. கை மட்டும் தெரிந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இவ்வளவோ?" என்று அங்கிருந்து கத்தினார்.

"ஓம் அண்ணை, இவ்வளவு!"

கோபி பக்கத்தில் நின்று அழுதான்.

பிறகு நான் வேலை செய்த எந்த சைட்டிலும் வெறும் செக்கனை வாயால் சொல்லி விட்டதில்லை. ஓய்வு பெறும் நாள்வரைக்கும் காலையில் முதல் வேலை அப்படி நடந்து காட்டுவதுதான். இனிமேல் இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கும் நான் சொல்வது அதுதான். கணக்கைப் போடுங்கள், மீற்றராக்குங்கள், ஷீட்டில் எழுதுங்கள். அதற்கு முன் வீலை எடுத்து, கூட்டத்தில் ஆக மெல்ல எழும்புகிறவரின் கையில் கொடுத்து, அவரையே நடக்க விடுங்கள்.